பெட் பாட்டிலை உடைக்கும் என்சைம்: நான்கு வழிகள், ஒரே பந்தயம்

ஒரு என்சைமை, அதாவது வேதிவினையை முடுக்கிவிடும் ஒரு புரதத்தை, தொழிற்சாலைக்கு ஏற்ற மாதிரி மேம்படுத்த எந்த வழி நல்லது என்று இந்தத் துறையில் இருப்பவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். புரதத்தின் வடிவத்தைப் பார்த்து யோசித்து மாற்றுபவர்கள் ஒரு கட்சி. கண்ணை மூடிக்கொண்டு ஆயிரக்கணக்கில் மாற்றங்களைச் செய்துவிட்டு நல்லதைப் பொறுக்கி எடுப்பவர்கள் இன்னொரு கட்சி. இப்போது மெஷின் லேர்னிங்காரர்களும் வந்துவிட்டார்கள். பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தால் இந்த வாதம் முடியவே முடியாது, ஏனென்றால் ஒவ்வொருவரும் வேறு வேறு என்சைமை வேறு வேறு வேலைக்காகத் திருத்தி வைத்துக்கொண்டு என்னுடையதுதான் பெரிது என்கிறார்கள். ஆனால் ஒரு இடத்தில் மட்டும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்க முடிகிறது. அது பெட் (PET) பிளாஸ்டிக்கை உடைக்கும் என்சைம். தண்ணீர் பாட்டிலும் பாலியஸ்டர் சட்டையும் இந்த பெட்தான். ஒரே என்சைமை மூன்று வழியிலும் திருத்திவிட்டார்கள், நான்காவது குழு வேறொரு என்சைமிலிருந்தே ஆரம்பித்தது. பிறகு அவற்றில் சிலதை ஒரே தொட்டியில் போட்டும் பார்த்தார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கிருந்து கிளம்புகிறோம், எதை அளக்கிறோம், இந்த இரண்டும் முடிவாகிவிட்டால் வழி எதுவாக இருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. கீழே சொல்வதெல்லாம் இதற்கான காரணம்.

2016 மார்ச்சில் ஜப்பானிலிருந்து ஒரு பாக்டீரியா பற்றிய கட்டுரை வந்தது. ஒசாகா பக்கத்தில் சகாய் என்ற ஊர், அங்கே ஒரு பெட் பாட்டில் மறுசுழற்சி இடம், அங்கிருந்து மண், கழிவுநீர், சேறு என்று 250 மாதிரிகள் எடுத்துத் தேடியதில் கிடைத்தது. ஊர்ப் பெயரையே சேர்த்து இடியோனெல்லா சகாயென்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். ஒரு மெல்லிய பெட் படலத்தை 30 டிகிரி செல்சியஸில் ஆறு வாரத்தில் கிட்டத்தட்ட முழுதாகத் தின்றது. அதற்காக அது வெளியே விடும் என்சைமுக்கு பெட்டேஸ் என்று பெயர். உலகம் முழுக்கச் செய்தியானது, ஆகவும் வேண்டியதுதான்.

ஆனால் கட்டுரைக்குள் போனால் ஒரு எண் இடிக்கும். அந்தப் படலத்தின் படிகத்தன்மை 2 சதவீதம்கூட இல்லை. நாம் குடித்துவிட்டுப் போடும் பாட்டிலில் அது சுமார் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கும். படிகமாக அடுக்கி நிற்கும் பெட் சங்கிலிகளுக்குள் என்சைம் நுழையவே முடியாது. ஒழுங்கில்லாமல் கிடக்கும் பகுதியில்கூட, சங்கிலிகள் கொஞ்சம் ஆடிக்கொடுத்தால்தான் வெட்ட முடியும். கெட்டிப்பட்ட பாகு அடுப்பில் வைத்ததும் இளகுவது போல, பெட் தண்ணீருக்குள் 65 முதல் 70 டிகிரி வாக்கில் இளக ஆரம்பிக்கிறது. பெட்டேஸோ 50 டிகிரியைத் தொடுவதற்கு முன்பே அவிழ்ந்துபோய்விடும். சரி, அப்படியானால் பெட்டேஸைச் சூடு தாங்கவைக்க வேண்டும். எல்லோரும் இறங்கியது இந்த ஒரு வேலையில்தான்.

யோசித்து மாற்றுவது

புரதத்தின் முப்பரிமாண வடிவம் கையில் இருக்கிறது, அதைக் கட்டும் துண்டுகளான அமினோ அமிலங்களில் எது என்ன செய்கிறது என்று ஓரளவு தெரிகிறது, அதனால் எதை மாற்றினால் என்ன ஆகும் என்று கணித்து நாலைந்து மட்டும் செய்து பார்ப்பது இந்த வழி. செலவு குறைவு. ஒரு சின்ன ஆய்வகமும் மாணவர் ஒருவரின் சில மாத உழைப்பும் போதும்.

2018-ல் பிரிட்டனின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் தேசிய புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகமும் சேர்ந்து இரண்டு மாற்றம் செய்தார்கள். பெட் சங்கிலி உட்காரும் பள்ளம் அகலமாக இருப்பதுதான் பெட்டேஸின் திறமைக்குக் காரணம் என்று நினைத்து, அதைக் குறுக்கிப் பார்த்தார்கள். வேலை கெடும் என்று எதிர்பார்த்தால், கொஞ்சம் கூடியது. கூடியது கொஞ்சம்தான், அப்போது வந்த தலைப்புச் செய்திகள் அளவுக்கு இல்லை. ஆனாலும் ஒரு பாடம் இதில் இருக்கிறது: வடிவம் கண்ணுக்கு முன்னால் இருந்தும், நல்ல ஆட்கள் யோசித்தும், கணிப்பு எதிர்த்திசையில் போனது.

2019-ல் கொரியாவின் கியோங்புக் தேசியப் பல்கலைக்கழகக் குழு இதைவிட நிதானமாகச் செய்தது. மூன்றே மாற்றம். இரண்டு, தளர்ந்து ஆடும் ஒரு வளையத்தை இழுத்துக் கட்டுவதற்கு. மூன்றாவது, 280-ஆம் இடத்தில் துருத்திக்கொண்டிருந்த ஆர்ஜினின் என்ற பெரிய அமினோ அமிலத்தை எடுத்துவிட்டுச் சிறிய அலனினை வைத்து பிளாஸ்டிக் சங்கிலிக்கு வழிவிடுவதற்கு. தாங்கும் சூடு 8.81 டிகிரி ஏறியது, 40 டிகிரியில் பெட்டை உடைக்கும் வேலை 14 மடங்கானது. தெர்மோ-பெட்டேஸ் என்று பெயர். மூன்றே மாற்றத்துக்கு இது அபாரமான பலன், எனக்கு இந்த ஆய்வின் மேல் தனி மரியாதை உண்டு. ஏன் என்று கீழே தெரியும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள், இன்னும் 60 டிகிரியைத் தொடவில்லை.

பொறுக்கி எடுப்பது

வழிநடத்திய பரிணாமம் என்று சொல்லலாம். டிஎன்ஏவில் தற்செயலாக மாற்றங்களை நுழைத்து, ஆயிரக்கணக்கான வகைகளை உண்டாக்கி, சோதித்து, நல்லதை எடுத்து, அதிலிருந்து மறுபடி அதே வேலை. அமெரிக்க விஞ்ஞானி பிரான்சிஸ் ஆர்னால்ட் 1993-ல் சப்டிலிசின் என்ற என்சைமை இப்படித் திருத்தி, டிஎம்எஃப் கரைப்பான் 60 சதவீதம் இருக்கும் இடத்தில் அதன் வேலையை 256 மடங்காக்கினார். 2018-ல் வேதியியல் நோபலில் பாதி அவருக்கு இந்த வழிக்காகவே கிடைத்தது. இதன் பலம், காரணம் தெரியாமலே பலன் கிடைக்கும் என்பது. பலவீனம், எண்ணிக்கை.

அந்த எண்ணிக்கையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். சுமார் 260 அமினோ அமிலம் உள்ள ஒரு என்சைம். ஒரே ஒரு இடத்தில் மாற்றினால், அமினோ அமிலம் மொத்தம் 20 வகை என்பதால் ஒவ்வொரு இடத்துக்கும் 19 வாய்ப்பு, மொத்தம் 4,940 வகை. செய்துவிடலாம். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் மாற்றினால் 1.2 கோடி. இதை 96 குழித் தட்டில் குழிக்கு ஒன்றாக வைத்தால் ஒன்றே கால் லட்சம் தட்டு வேண்டும். ஒரே இடத்தை எல்லா அமினோ அமிலத்தாலும் நிரப்பிப் பார்க்கவே, ஏதும் விட்டுப்போகாமல் இருக்க 95 சதவீத உறுதி வேண்டுமென்றால், 94 காலனி (ஆளுக்கொரு வகையைச் சுமக்கும் பாக்டீரியாக் கூட்டம்) எடுக்க வேண்டும். அதாவது ஒரு இடத்துக்கு ஒரு தட்டு. இரண்டு இடம் சேர்ந்தால் 3,000 காலனிக்கு மேல் போய்விடும்.

இவ்வளவு தட்டையும் சீக்கிரம் பார்க்க வேண்டும் என்பதால்தான் ஆசை காட்டும் ஒரு குறுக்கு வழி வருகிறது. பாரா-நைட்ரோஃபீனைல் எஸ்டர் என்று ஒரு சின்ன மூலக்கூறு. என்சைம் அதை வெட்டினால் குழி எலுமிச்சை மஞ்சளாக மாறும், எவ்வளவு மஞ்சள் என்று கருவி ஒரு நிமிடத்தில் படித்துச் சொல்லிவிடும். தட்டில் ஒரு குழி மட்டும் பளிச்சென்று மஞ்சளாக நிற்பதைப் பார்ப்பது இந்த வேலையில் கிடைக்கும் பெரிய சந்தோஷம். ஆனால் அந்தக் குழியிலிருந்து எடுத்த என்சைமை பெட் படலத்தின் மேல் விட்டால் ஒன்றும் நடக்காமல் போகலாம், ஏனென்றால் தண்ணீரில் கரைந்து மிதக்கும் சின்ன எஸ்டரை வெட்டுவதும், திடமான பிளாஸ்டிக் மேல் போய் ஒட்டி வெட்டுவதும் ஒன்றில்லை. எதை வைத்துச் சலிக்கிறோமோ அதுதான் கிடைக்கும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் சொல்வது. சொல்வது சுலபம், தட்டு ஓட்டும்போது நேரம் மிச்சம் என்று மஞ்சள் பக்கம் போகாமல் இருப்பதுதான் கஷ்டம்.

மான்செஸ்டர் பல்கலைக்கழகக் குழு போகவில்லை. ஒவ்வொரு வகையையும் உண்மையான பெட்டோடு வைத்து, கரைந்து வந்த பொருளையே அளக்கும்படி ஒரு தானியங்கி ஏற்பாட்டைக் கட்டினார்கள். சோதிக்கும் சூட்டையும் சுற்றுக்குச் சுற்று ஏற்றிக்கொண்டே போனார்கள். 2022-ல் வெளிவந்த ஹாட்-பெட்டேஸில் மொத்தம் 21 மாற்றங்கள், தாங்கும் சூடு 82.5 டிகிரி. 50-ஐத் தாண்டாத ஒரு புரதத்தை இங்கே கொண்டுவந்தது உண்மையிலேயே பெரிய சாதனை. எந்த மனிதரும் உட்கார்ந்து யோசித்து அந்த 21-ஐயும் எழுதியிருக்க மாட்டார்.

கணினியிடம் கேட்பது

அதே 2022, டெக்சஸ் பல்கலைக்கழகம், ஆஸ்டின். ஹால் ஆல்பர் குழு. 19,000-க்கும் மேற்பட்ட புரத வடிவங்களைப் படிக்கவைத்த ஒரு நரம்பியல் வலைப்பின்னல். ஒவ்வொரு அமினோ அமிலத்தையும் மறைத்துவிட்டு, அக்கம்பக்கத்தை மட்டும் காட்டி, இந்த இடத்தில் யார் இருந்தால் பொருத்தம் என்று கேட்டார்கள். இயற்கையில் இருப்பதும் கணினி சொல்வதும் எங்கெல்லாம் ஒத்துப்போகவில்லையோ அவற்றில் சில இடங்களை மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் தெர்மோ-பெட்டேஸின் மூன்று மாற்றத்தோடு புதிதாக இரண்டைச் சேர்த்தது ஃபாஸ்ட்-பெட்டேஸ் ஆனது. 50 டிகிரியில், கடையில் கிடைக்கும் 51 வகை பெட் டப்பா, தட்டு, மூடிகளை எடுத்துவந்து போட்டார்கள். ஒரு வாரத்துக்குள் எல்லாம் கிட்டத்தட்ட முழுதாகக் கரைந்தன.

இங்கே கணினிக்குத் தர வேண்டிய பாராட்டு, 1.2 கோடியைச் சில பத்தாகக் குறைத்ததற்கு. தட்டு வேலை செய்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் அந்தக் கணினியிடம் கேட்ட கேள்வி ‘எது பொருத்தம்’ என்பது மட்டும்தான். பெட்டைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஃபாஸ்ட்-பெட்டேஸில் கணினி சொன்ன இரண்டு இடங்கள் 224-உம் 233-உம். ஹாட்-பெட்டேஸின் 21 மாற்றங்களை எடுத்துப் பாருங்கள், அதிலும் 224 இருக்கிறது, 233-உம் இருக்கிறது. ஒருவர் கணினியைக் கேட்டார், இன்னொருவர் தட்டுகளை ஓட்டினார், இரண்டு பேரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். 233-இல் கணினி லைசின் என்ற அமினோ அமிலத்தை வைத்தது. அது 204-இல் இருக்கும் குளுட்டமேட்டோடு உப்புப்பாலம் (எதிரெதிர் மின்னூட்டங்களின் பிடிப்பு) கட்டிக்கொள்கிறது. ஹாட்-பெட்டேஸில் அதே 233-இல் சிஸ்டீன். அது 282-இல் வைத்த இன்னொரு சிஸ்டீனோடு கந்தகப் பாலம் கட்டுகிறது. அந்த இடம் தளர்வாக இருந்தது, அதை எப்படியாவது கட்ட வேண்டும், யார் கட்டினாலும் சரி. இரண்டுக்குள்ளும் அந்தக் கொரியக் குழுவின் மூன்று மாற்றமும் அடியில் இருக்கின்றன என்பதையும் மறக்க வேண்டாம். மரியாதை உண்டு என்று சொன்னேனே, இதற்குத்தான்.

ஆளையே மாற்றுவது

நான்காவது வழியைப் பலரும் வழியாகவே எண்ணுவதில்லை. பெட்டேஸை விட்டுவிட்டு, முதலிலேயே சூடு தாங்கும் ஒன்றைத் தேடிப் பிடிப்பது.

2012-லேயே ஒசாகா பல்கலைக்கழகத்தில் இலைதழை மக்கும் உரக்குவியலிலிருந்து நேரடியாக டிஎன்ஏவை எடுத்து ஒரு கியூட்டினேஸைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். கியூட்டின் என்பது இலையின் மேல் இருக்கும் மெழுகுப் பூச்சு போன்ற படலத்தின் பாலியஸ்டர். இலையின் பாலியஸ்டரை வெட்டத் தெரிந்ததற்கு நம் பாலியஸ்டரையும் வெட்டத் தெரிந்தது. எல்சிசி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். உரக்குவியலுக்குள் கையை விட்டவர்களுக்குத் தெரியும், உள்ளே எவ்வளவு சூடாக இருக்கும் என்று. அங்கே இருந்த என்சைம் என்பதால், யாரும் தொடாமலே அது அவிழும் சூடு சுமார் 85 டிகிரி. மான்செஸ்டர் குழு 21 மாற்றம் செய்து சேர்ந்த இடத்துக்கு இது பிறக்கும்போதே வந்துவிட்டது.

பிரான்சின் துலூஸ் ஆய்வாளர்களும் கார்பியோஸ் நிறுவனமும் இதை எடுத்துக்கொண்டார்கள். பெட் சங்கிலி தொடும் 11 இடங்களை மட்டும் வடிவத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் 19 மாற்றம், மொத்தம் 209 வகை. ஆயிரக்கணக்கில் வேண்டியிருக்கவில்லை. பாதி யோசனை, பாதி பொறுக்கல். இன்னொரு பக்கம், எல்சிசி ஒரு கால்சிய அயனியைப் பிடித்துக்கொண்டால் இன்னும் சூடு தாங்குகிறது என்று பார்த்தார்கள். ஆனால் தொட்டியில் கால்சியத்தைக் கொட்டினால் பிறகு பெட் உடைந்து கிடைக்கும் டெரெப்தாலிக் அமிலத்தைச் சுத்தம் செய்யும்போது தலைவலி. அதனால் கால்சியம் உட்காரும் இடத்திலேயே இரண்டு சிஸ்டீனை வைத்து கந்தகப் பாலம் கட்டிவிட்டார்கள், 238-உம் 283-உம். இவை பெட்டேஸில் எந்த இடங்களுக்குச் சமம் தெரியுமா? அதே 233, 282. மூன்றாவது முறையாக அதே இடம், இந்த முறை யோசித்து வந்தார்கள்.

மொத்தம் நான்கே மாற்றம். 94 டிகிரி வரை தாங்கும். 2020 ஏப்ரலில் வெளியிட்டார்கள்: ஒரு கிலோ கலவையில் 200 கிராம் பெட், 72 டிகிரி, பத்து மணி நேரத்தில் 90 சதவீதம் உடைந்தது. ஏன் 72, இன்னும் ஏற்றலாமே என்று தோன்றும். 75-க்குப் போனால் என்சைம் தாங்கும், ஆனால் பெட் சீக்கிரம் படிகமாகி இறுகிவிடுகிறது. அதாவது இப்போது வேகத்தைத் தடுப்பது என்சைம் இல்லை, பிளாஸ்டிக்.

நான்கையும் ஒரே தொட்டியில் போட்டால்

ஒவ்வொருவரும் தங்களுக்கு வசதியான படலம், வசதியான சூடு, வசதியான அளவு என்று வைத்துச் சோதித்ததால் கட்டுரைகளை மட்டும் படித்து ஒப்பிடவே முடியாத நிலை இருந்தது. 2023-ல்தான் ஒரு பொது விதிமுறை வைத்து, தொழிற்சாலைக்கு ஓரளவு நெருக்கமான நிலையில், எல்சிசி-யின் திருத்திய வடிவம், ஃபாஸ்ட்-பெட்டேஸ், ஹாட்-பெட்டேஸ், அப்புறம் பிஇஎஸ்-எச்1 என்ற இன்னொரு கியூட்டினேஸ் வகை, நான்கையும் ஓட்டினார்கள். எல்சிசி 24 மணி நேரத்தில் 98 சதவீதம். பிஇஎஸ்-எச்1 80 சதவீதம். ஃபாஸ்ட், ஹாட் இரண்டும் வேகம் போதாமல் பெரிய அளவுக்குப் பொருந்தாது என்று முடிவு. அதோடு எல்சிசி-க்குத் தேவையான என்சைம் அளவை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து, சூட்டையும் 68-க்கு இறக்கியும் காட்டினார்கள்.

பந்தயம் நடத்தியவர்களில் எல்சிசி-யைத் திருத்தியவர்களும் இருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதனால் அளவுகோலே அவர்களுக்குச் சாதகம் என்று சிலர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை, காரணம் அந்த அளவுகோல் ஒரு ஆலைக்கு என்ன வேண்டுமோ அதுதான்: நிறைய பெட், குறைந்த தண்ணீர், ஒரு நாள் கெடு. ஃபாஸ்ட்-பெட்டேஸ் 50 டிகிரியில், கொஞ்சமாகப் போட்ட பெட்டில், ஒரு வாரம் எடுத்து நன்றாக வேலை செய்தது பொய்யில்லை. அது வேறு கேள்விக்கான பதில். சூடாக்கும் வசதியே இல்லாத இடத்துக்கு ஒரு நாள் அது தேவைப்படலாம்.

திருப்பூரில் பனியன் துணிக்கு பயோ வாஷ் போடுபவர்களிடம் கேட்டால் இதை ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். துணியின் மேல் நிற்கும் பஞ்சு முடியை எடுக்க அவர்கள் போடும் செல்லுலேஸ் என்சைம், சுமார் 50, 55 டிகிரியில், லேசான அமிலத்தில், மெஷின் ஓடும் கொஞ்ச நேரத்துக்குள் வேலையை முடிக்க வேண்டும். குளியலுக்கு ஏற்ற என்சைமை வாங்குவார்களே தவிர, என்சைமுக்காகக் குளியலை மாற்ற மாட்டார்கள்.

சரி, ஒருவர் இன்று புதிதாக ஒரு என்சைமைத் திருத்தத் தொடங்குகிறார், எந்த வழி எடுக்கலாம்? முதல் இரண்டு மாதத்தைத் தேடலுக்குக் கொடுங்கள் என்பேன். வெந்நீர் ஊற்று, உரக்குவியல், டிஎன்ஏ தரவுத்தளம், எங்கேயாவது பாதி வேலை முடிந்த ஆள் இருப்பார். கிடைத்தால், வடிவத்தைப் பார்த்துப் பத்துப் பதினைந்து இடத்தைத் தேர்ந்து அதை மட்டும் நிரப்பிச் சலிப்பது போதும், சில நூறு வகையில் முடியும். பணமும் ஆளும் குறைவு, வடிவமும் தெரியும், சூடு மட்டும்தான் பிரச்சினை என்றால் கணினியைக் கேட்பதுதான் இப்போதைக்கு மலிவு, அந்த வேலையில் அது நன்றாகவே கைகொடுக்கிறது. தற்செயல் மாற்றங்களை ஆயிரக்கணக்கில் சலிக்கும் பெரிய வேலையை, வேலையே தெரியாத என்சைமுக்குப் புது வேலை கற்றுக்கொடுக்க வேண்டிய இடத்துக்கு வைத்துக்கொள்வேன்.

அப்படிப்பட்ட இடமும் உண்டு. சர்க்கரை நோய்க்கான சிடாக்ளிப்டின் மாத்திரையை மெர்க், கோடெக்சிஸ் என்ற இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து என்சைமால் தயாரித்த கதை, 2010-ல் வெளிவந்தது. தேர்ந்தெடுத்த டிரான்ஸ்அமினேஸ் என்ற என்சைம் அந்த மூலப்பொருளைத் தொடவே இல்லை, வேலை பூஜ்யம். பூஜ்யத்தை எத்தனை மடங்கு பெருக்கினாலும் பூஜ்யம்தான், அதனால் முதலில் கணினியில் மாடல் போட்டுப் பார்த்து, என்சைமில் மூலப்பொருள் உட்காரும் பள்ளத்தை அகலப்படுத்தி ஒரு துளி வேலையைக் கொண்டுவந்தார்கள். அதன் பிறகுதான் பரிணாமம், சுற்றுக்குச் சுற்று, 27 மாற்றம் வரை. ஒவ்வொரு சுற்றிலும் ஆலையில் இருக்கப்போகும் கரைப்பானையும் சூட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். கடைசியில் பாதிக்குப் பாதி டிஎம்எஸ்ஓ கரைப்பான் உள்ள தொட்டியில், லிட்டருக்கு 200 கிராம் மூலப்பொருளை அது மாற்றிக்கொடுத்தது. முன்பு இருந்த ரோடியம் வினையூக்கி தேவையில்லாமல் போனது. இதை ஒரே கட்சியின் வெற்றி என்று யாரும் கொடி பிடிக்க முடியாது.

பெட்டுக்குத் திரும்பினால், என்சைம் விலை இனிமேல் பெரிய சுமை இல்லை. 2020 கணக்குப்படியே ஒரு டன் பெட்டை உடைக்கத் தேவையான என்சைம், கிலோ 25 டாலர் என்று வைத்தால், புது பெட் விலையில் சுமார் 4 சதவீதம்தான். மிச்சச் செலவு எங்கே என்றால், பாட்டிலை உருக்கி, சட்டென்று குளிரவைத்துப் படிகத்தை உடைத்து, பொடியாக்குவதில் இருக்கிறது. அப்புறம் காஸ்டிக் சோடாவில். பெட் உடைய உடைய அமிலம் வெளிவரும், தொட்டியின் பிஹெச் இறங்கும், இறங்கவிட்டால் என்சைம் நின்றுவிடும், அதனால் காரத்தை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கிலோ பெட் முழுதாக உடைந்தால் சுமார் 860 கிராம் டெரெப்தாலிக் அமிலம், அதற்கு 420 கிராம் காஸ்டிக் சோடா. பிறகு அமிலத்தைப் பிரித்தெடுக்கக் கந்தக அமிலம் ஊற்றினால் 740 கிராம் சோடியம் சல்ஃபேட் உப்பு. ஒரு கிலோ பாட்டிலுக்கு முக்கால் கிலோ உப்பு!

எந்த ஆய்வகத்தின் 96 குழித் தட்டிலும் இந்த உப்பு கண்ணில் படாது, ஏனென்றால் அங்கே பிஹெச் மாறாமல் பிடித்துவைக்கும் தாங்கல் கரைசல் எல்லா அமிலத்தையும் விழுங்கிவிடுகிறது. என் கையில் ஒரு தட்டு கொடுத்தால், தாங்கல் கரைசலைக் குறைத்து, பிஹெச்-ஐ ஐந்து பக்கம் இறக்கி, கடையில் வாங்கும் சுத்தமான படலத்துக்குப் பதிலாக லேபிள் பசையோடு வெட்டிய பாட்டில் துண்டையே குழிக்குள் போட்டு, எந்தக் குழியில் ஏதாவது கரைகிறது என்று பார்ப்பேன்.